மாலை கழற்றிய மறுநாள்

கார்த்திகை பிறந்துவிட்டால் சேலத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் டாஸ்மாக் வாசலில் வழக்கமாகத் தெரியும் முகங்கள் சில காணாமல் போகும். கோரிமேட்டைத் தாண்டி ஏற்காட்டு மலையடிவாரம் நோக்கிப் போகும் பக்கத்தில் இருக்கிற கொண்டப்பநாயக்கன்பட்டியிலும் அப்படித்தான். தறி ஓட்டுகிறவர், கொலுசுப் பட்டறையில் வேலை பார்க்கிறவர், லாரி டிரைவர், கட்டட வேலைக்குப் போகிறவர் என்று பலரும் கறுப்பு வேட்டியும் துளசிமணி மாலையுமாக நடமாடுவார்கள். நேற்றுவரை "டேய் மாப்ள" என்று தோளில் கை போட்டவன் இன்று "சாமி" என்று மரியாதையோடு விலகி நிற்பான். விடியுமுன் பச்சைத் தண்ணீர்க் குளியல், செருப்பில்லாத நடை, பொழுது சாய்ந்தால் பஜனை, குருசாமி வீட்டில் சாப்பாடு. நாற்பத்தொரு நாள் விரதத்தில் ஒரு சொட்டு உள்ளே போகாது. மலைக்குப் போய் வந்து மாலையைக் கழற்றுவார்கள். அன்று இரவோ மறுநாளோ, பழைய இடத்தில் பழைய ஆட்களோடு மறுபடி உட்கார்ந்துவிடுகிறவர்கள் எத்தனையோ பேர்.

"மாலை போட்டா நிறுத்த முடியுது, கழட்டினா முடியல. அப்ப இது கொழுப்புதானே?" என்று வீட்டில் இருக்கிறவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. குடியை விட முடியாதவன் என்றால் நாற்பத்தொரு நாள் எப்படி முடிந்தது? முடிந்தவன் என்றால் நாற்பத்திரண்டாம் நாள் ஏன் முடியவில்லை? இந்த இரண்டு கேள்விக்கும் பதில் ஒரே இடத்தில் இருக்கிறது. அந்த இடம் மூளைக்குள் பாதியும், அந்த ஆளைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறவர்களிடம் பாதியும் இருக்கிறது.

மூளைப் பக்கத்தை முதலில் பார்ப்போம். நம் நரம்பு மண்டலத்தில் ஆக்சிலரேட்டர் மாதிரி வேலை செய்யும் வேதிப்பொருள் குளூட்டமேட். பிரேக் மாதிரி வேலை செய்வது காபா. சாராயம் பிரேக்கை அழுத்தி ஆக்சிலரேட்டரைத் தளர்த்துகிறது. அதனால்தான் முதல் கட்டிங்கில் உடம்பு இளகுகிறது, பயம் குறைகிறது. தினமும் குடிக்கிறவனின் மூளை இதற்கு ஈடுகட்டப் பார்க்கிறது: பிரேக்கின் பிடியைக் குறைத்து ஆக்சிலரேட்டரைக் கூட்டி வைத்துக்கொள்கிறது. பல வருஷம் இப்படி ஓடிய மூளையிலிருந்து திடீரென்று மதுவை எடுத்துவிட்டால் பிரேக் இல்லாத வண்டிதான். ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரத்தில் கைநடுக்கமும் வியர்வையும் படபடப்பும் வரும். இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளுக்கும் ஐந்தாம் நாளுக்கும் இடையில் சிலருக்கு புத்தி தடுமாறி, இல்லாத பூச்சியும் இல்லாத ஆளும் கண்ணில் தெரியும். காய்ச்சல் அடிக்கும், இதயம் தாறுமாறாக ஓடும். கவனிக்காமல் விட்டால் உயிர் போகும். நம் ஊர்களில் இதைப் பேய் பிடித்தது என்றோ, மாலை போட்டுத் தப்பு செய்ததால் வந்த சாமி குத்தம் என்றோ எண்ணி மந்திரிக்க அழைத்துப் போகிறார்கள். அந்த நேரத்தில் போகவேண்டிய இடம் அரசு மருத்துவமனை. டயசிபாம், குளோர்டையசிபாக்சைடு போன்ற மாத்திரைகளும் தயமின் ஊசியும் ஒரு வாரத்தில் இந்தக் கண்டத்தைத் தாண்ட வைத்துவிடும்.

ஆகவே, காலையில் கண் விழித்ததும் கை நடுங்கி, குடித்தால்தான் நடுக்கம் நிற்கிறது என்ற நிலையில் இருப்பவர் மாலை போட்டோ, கோயிலில் கயிறு கட்டியோ, வீட்டில் சத்தியம் செய்தோ சட்டென்று நிறுத்தக் கூடாது. மருத்துவர் துணையோடுதான் நிறுத்த வேண்டும். இந்த அத்தியாயத்தில் ஒரு வரியை மட்டும் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள்.

உடம்பின் நடுக்கம் ஒரு வாரத்தில் அடங்கிவிடுகிறது. ஆனால் ஆசை அடங்குவதில்லை. ஏன்? 1990களில் சுவிட்சர்லாந்தில் வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற நரம்பியல் அறிஞர் குரங்குகளின் மூளையில் டோபமின் செல்களின் துடிப்பை அளந்தார். குரங்குக்குப் பழச்சாறு கொடுத்தபோது செல்கள் துடித்தன. சாறு வருமுன் ஒரு விளக்கு எரியும்படி செய்து பழக்கினார். சில நாளில் துடிப்பு இடம் மாறிவிட்டது: சாறு வரும்போது ஒன்றுமில்லை, விளக்கு எரியும்போதே செல்கள் துடித்தன. விளக்கு எரிந்து சாறு வராவிட்டால் துடிப்பு வழக்கத்துக்கும் கீழே இறங்கியது. சனிக்கிழமை சாயங்காலம் கூலி கைக்கு வரும் நேரம், பிளாஸ்டிக் டம்ளர், தண்ணீர் பாக்கெட்டைப் பல்லால் கடித்துப் பிய்க்கும் சத்தம், சுண்டல் வாசனை, "என்ன மாப்ள, வர்றியா?" என்ற குரல் இவையெல்லாம் ஒரு குடிநோயாளியின் மூளைக்கு அந்த விளக்குகள். பாட்டில் கண்ணில் படுவதற்கு முன்பே துடிப்பு கிளம்பிவிடுகிறது. அப்போது கிடைக்காவிட்டால் வரும் வெறுமையும் உண்மையான வெறுமைதான்.

இப்போது அந்த நாற்பத்தொரு நாளைத் திரும்பப் பாருங்கள். மாலை போட்டவனைச் சுற்றி எத்தனை விளக்குகள் அணைக்கப்பட்டிருக்கின்றன! அவனை யாரும் குடிக்கக் கூப்பிடுவதில்லை, கூப்பிட்டவனுக்குத்தான் பாவம். பொழுது சாயும் அந்த ஆபத்தான இரண்டு மணி நேரத்துக்குப் பஜனை இருக்கிறது. வழி தெரியாமல் தடுமாறினால் கேட்பதற்குப் பல வருஷம் மலைக்குப் போன குருசாமி இருக்கிறார். அவனுக்கு ஒரு புதுப் பெயர் கிடைத்திருக்கிறது. அந்தப் பெயருக்கு ஏற்றபடி நடக்க நாலு பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். விரதம் நிலைத்தது பக்தியாலும் மன உறுதியாலும் என்றுதான் எல்லாரும் சொல்வோம். அந்தப் பக்தியையும் உறுதியையும் தினசரி தாங்கிப் பிடித்தது ஒரு கூட்டம். மாலை கழன்றதும் அந்தக் கூட்டம் கலைந்துவிடுகிறது. விளக்குகள் எல்லாம் ஒரே நாளில் மறுபடி எரிகின்றன. மனிதன் பழையபடி தனியாக நிற்கிறான்.

அந்தக் கூட்டம் கலையாமல் வருஷம் முழுவதும் இருந்தால்? அப்படி ஒன்று உலகத்தில் 90 வருஷமாக இருக்கிறது.

1935 மே மாதம் அமெரிக்காவில் ஓஹியோ மாநிலத்தின் ஆக்ரன் நகருக்கு நியூயார்க்கிலிருந்து பில் வில்சன் என்ற பங்குச் சந்தைக்காரர் வந்திருந்தார். குடியால் எல்லாவற்றையும் இழந்து, ஐந்து மாதமாகக் குடிக்காமல் இருந்தவர். வந்த வியாபாரம் தோற்றுவிட்டது. தங்கியிருந்த மேஃப்ளவர் ஓட்டலின் முன்கூடத்தில் ஒரு பக்கம் பார், மறுபக்கம் டெலிபோன். இன்னொரு குடிகாரனோடு பேசினால்தான் தான் தப்பிக்க முடியும் என்று அவருக்குத் தோன்றியது. தேவாலயங்களின் பட்டியலைப் பார்த்து போன் போட்டார். ஒருவர் மூலம் இன்னொருவர் என்று சுற்றி, உள்ளூர் அறுவை மருத்துவர் பாப் ஸ்மித்தின் முன்னால் போய் நின்றார். அவரும் முற்றிய குடிகாரர். கால் மணி நேரத்துக்கு மேல் முடியாது என்று சொல்லிவிட்டு உட்கார்ந்த மருத்துவர் ஆறு மணி நேரம் பேசினார். புத்திமதி சொல்லும் ஆட்களை அவர் நிறையப் பார்த்தவர். இந்த ஆள் புத்தி சொல்லவில்லை. தன் கதையைச் சொன்னார். பாப் ஸ்மித் கடைசியாகக் குடித்த நாளாகக் கொள்ளப்படும் 1935 ஜூன் 10தான் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏஏ, பிறந்த நாள். இந்தியாவுக்கு அது 1957இல் வந்தது.

இதில் அறிவியல் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். நெடுநாள் மருத்துவ உலகமும் அப்படித்தான் கேட்டது. சந்தேகத்துக்குக் காரணமும் இருந்தது: கூட்டத்துக்கு ஒழுங்காக வருகிறவன் ஏற்கனவே திருந்த முடிவு செய்தவன், கூட்டம் இல்லாவிட்டாலும் அவன் திருந்தியிருப்பான் என்று வாதிடலாம். அதைத் தீர்க்க ஒரே வழி குலுக்கல் முறையில் ஆட்களைப் பிரித்துப் பார்ப்பது. 1997இல் முடிவுகள் வெளியான புராஜெக்ட் மேட்ச் என்ற அமெரிக்க ஆய்வு 1,726 பேரை அப்படிப் பிரித்தது. மூன்று சிகிச்சைகளில் ஒன்று, ஏஏ கூட்டங்களுக்குப் போகப் பழக்கி, அதில் ஈடுபட வைப்பது. புறநோயாளிகளில், சிகிச்சை முடிந்த அடுத்த வருஷம் முழுக்க ஒரு சொட்டும் தொடாதவர்கள் அந்தப் பிரிவில் 24 சதவீதம். மற்ற இரண்டிலும் 15 சதவீதம் அளவில். 2020இல் காக்ரேன் அமைப்பு 27 ஆய்வுகளையும் அவற்றிலிருந்த 10,565 பேரையும் சேர்த்து எடைபோட்டது. தொடர்ந்து குடிக்காமல் இருப்பதைப் பொறுத்தவரை, கூட்டத்தோடு இணைத்துவிடும் சிகிச்சை, பயிற்சி பெற்ற நிபுணர் தரும் மற்ற உளவியல் சிகிச்சைகளை விடச் சற்று மேலாகவே நின்றது. ஒரு வருஷ முடிவில் 42 சதவீதம், எதிர்ப்பக்கம் 35 சதவீதம். செலவும் குறைவு.

இந்த எண்களைப் பெரிதாக்கிக் காட்ட எனக்கு விருப்பமில்லை. 42 சதவீதம் என்றால் பாதிக்கு மேற்பட்டவர்கள் அந்த வருஷத்தில் எப்போதோ குடித்திருக்கிறார்கள். ஆனால் மருத்துவர் கட்டணம் இல்லாமல், மருந்துச் செலவு இல்லாமல், ஒரு பள்ளிக்கூட அறையும் பத்து நாற்காலியும் மட்டுமே கேட்கும் ஒரு ஏற்பாட்டோடு ஆளை இணைத்துவிடுவது, நிபுணர்களின் சிகிச்சைக்குச் சமமாகவோ மேலாகவோ நிற்கிறது என்பது மருத்துவ வரலாற்றில் அடிக்கடி நடக்கும் விஷயமில்லை.

ஏன் நிற்கிறது? ஹார்வர்டின் ஜான் கெல்லி போன்றவர்கள் இதைப் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். பிரார்த்தனையும் ஆன்மிகமும் சிலருக்கு உதவுகின்றன. ஆனால் பெரும் பங்கு நட்பு வட்டம் மாறுவதிலும், நாலு பேர் குடிக்கும் இடத்தில் குடிக்காமல் இருக்க முடியும் என்ற தெம்பு கூடுவதிலும்தான் இருக்கிறது. குடிக்கிற நண்பர்கள் குறைகிறார்கள், குடிக்காத நண்பர்கள் கூடுகிறார்கள். எலிகளும் இதையே சொல்கின்றன. 2018இல் மார்கோ வென்னிரோவும் உடன் ஆய்வாளர்களும் போதைக்குப் பழக்கிய எலிகளுக்கு இரண்டு நெம்புகோல் வைத்தார்கள். ஒன்றை அழுத்தினால் மெத்தம்பெட்டமின் ஊசி, மற்றதை அழுத்தினால் ஒரு கதவு திறந்து இன்னொரு எலியோடு சற்று நேரம் பழகலாம். எலிகள் பெரும்பாலும் துணையைத்தான் தேர்ந்தெடுத்தன. துணை வருவதைத் தாமதப்படுத்தியபோது போதைப் பக்கம் திரும்பின. மெத்தம்பெட்டமின் வேறு, மது வேறு; எலி வேறு, மனிதன் வேறு. ஆனாலும் அந்தத் தாமதத்தைப் பற்றிய கண்டுபிடிப்பு என்னை யோசிக்க வைக்கிறது. துணை உடனே கிடைக்க வேண்டும். டாஸ்மாக் கடை பகல் 12 மணிக்குத் திறந்து இரவு 10 மணி வரை இருக்கிறது. கூட்டம் வாரத்துக்கு ஒரு நாள் என்றால் மற்ற ஆறு நாளும் யார் துணை? அதனால்தான் ஏஏவில் புதிதாக வருகிறவரிடம் "மூணு மாசம் தினமும் ஒரு கூட்டத்துக்கு வாங்க" என்கிறார்கள். பழைய உறுப்பினர் தன் போன் நம்பரைக் கொடுத்து, "கை நீள்றதுக்கு முன்னாடி எனக்குப் போன் போடுங்க" என்கிறார். 1971இல் ஹண்ட் என்பவரும் உடன் ஆய்வாளர்களும் மது, புகை, ஹெராயின் மூன்றிலும் விட்டவர்கள் மறுபடி தொடங்கும் வேகத்தை வரைந்து பார்த்தார்கள். மூன்று கோடுகளும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தன. பெரும்பாலான சறுக்கல் முதல் மூன்று மாதத்திலேயே நடந்திருந்தது. ஆபத்து எந்த மாதங்களில் என்று ஏஏ ஆட்கள் அனுபவத்தாலேயே கண்டுவைத்திருந்தார்கள்.

சேலத்துக்கு இந்த விஷயத்தில் ஒரு தனி உரிமை உண்டு. இந்தியாவில் முதன்முதலாகச் சட்டப்படி மதுவிலக்கு வந்த மாவட்டம் இதுதான். 1937 அக்டோபர் 1 அன்று சென்னை மாகாணப் பிரதமர் ராஜாஜி, தாம் வக்கீலாகவும் நகராட்சித் தலைவராகவும் இருந்த சேலத்தில் அதைத் தொடங்கினார். இன்றைய நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி எல்லாம் அப்போது சேலம் மாவட்டத்துக்குள்தான். அதற்கு முன்பே திருச்செங்கோட்டுக்குப் பக்கத்திலுள்ள புதுப்பாளையம் காந்தி ஆசிரமத்திலிருந்து மதுவிலக்குக்கென்றே 'விமோசனம்' என்ற பத்திரிகையை நடத்தியவர் அவர். கல்கி அதில் உடனிருந்தார். சாராய வருமானம் போன பள்ளத்தை நிரப்ப 1939இல் விற்பனை வரி வந்தது. இதெல்லாம் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. நான் கவனிக்கச் சொல்வது வேறொன்றை. கள்ளுக்கடையை மூடியவர்கள், மூடிய கடைக்கு முன்னால் சாயங்காலம் என்ன செய்வது என்று தெரியாமல் நிற்கும் மனிதனைப் பற்றியும் யோசித்தார்கள். ஊர்களில் பஜனையும் நாடகமும் விளையாட்டும் டீக்கடையும் சிக்கனச் சங்கமும் நடத்த முயன்றார்கள். கடையை மூடினால் குடி நிற்கும் என்று மட்டும் அவர்கள் நம்பியிருக்கவில்லை. கடையோடு சேர்ந்து ஒரு கூட்டாளி வட்டமும் மூடப்படுகிறது, அதற்கு மாற்று வேண்டும் என்று அவர்களுக்குப் புரிந்திருந்தது. போர்க்காலத்தில் அந்த மதுவிலக்கு கைவிடப்பட்டது. 1948இல் மாகாணம் முழுவதும் வந்தது, 1971இல் போனது, 1974இல் வந்தது, 1981இல் மறுபடி போனது. 1983இல் டாஸ்மாக் நிறுவப்பட்டது. 2003இலிருந்து சில்லறை விற்பனையும் அதன் கையில். சட்டம் இப்படி வந்து வந்து போனது. மாற்று வட்டம் என்ற யோசனை மட்டும் 1937க்குப் பிறகு அரசுத் தரப்பில் அந்த அளவுக்கு எடுத்துச் செய்யப்படவில்லை என்பது என் கருத்து.

கடைகளைக் குறைக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. 2023 ஜூனில் 500 கடைகள் மூடப்பட்டபோது மகிழ்ந்தவர்களில் நானும் ஒருவன். ஆனால் கடை குறைவது வேறு, விட நினைக்கிறவனுக்குக் கை கொடுப்பது வேறு. எய்ம்ஸ் மருத்துவர்கள் நடத்தி மத்திய அரசு 2019இல் வெளியிட்ட கணக்கெடுப்பின்படி நாட்டில் மதுவுக்கு அடிமையானவர்கள் சுமார் 2 கோடியே 90 லட்சம் பேர். அவர்களில் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது ஓர் உதவி கிடைத்திருக்கிறது. மீதி 37 பேர் தனியாகப் போராடிக்கொண்டிருக்கிறார்கள்.

இனி, கூட்டம் என்றால் என்ன நடக்கும் என்று பார்ப்போம். போகத் தயங்குகிறவர்கள் பலருக்கும் தடை இதுதான்: உள்ளே போனால் என்ன கேட்பார்களோ, யார் பார்த்துவிடுவார்களோ.

பெரும்பாலும் ஒரு தேவாலயத்தின் பின்னறை, பள்ளிக்கூட வகுப்பறை, மருத்துவமனையின் ஒரு ஹால். ஒன்று அல்லது ஒன்றரை மணி நேரம். பெயரை எழுதி வாங்குவதில்லை. ஊர், சாதி, தொழில் கேட்பதில்லை. கட்டணம் இல்லை, முடிவில் ஒரு பை சுற்றி வரும், முடிந்தவர்கள் டீக்கும் வாடகைக்கும் போடுவார்கள். வெளியாரிடம் நன்கொடை வாங்குவதில்லை என்பது அவர்கள் கட்டுப்பாடு. உறுப்பினராவதற்கு ஒரே தகுதி குடியை விடவேண்டும் என்ற ஆசை. அன்று காலை குடித்துவிட்டு வந்தவரையும், கலாட்டா செய்யாதவரை, உட்கார வைத்துக் கேட்கச் சொல்வார்கள். ஒருவர் எழுந்து, "என் பேர் இன்னது, நான் ஒரு குடிநோயாளி" என்று தொடங்கித் தன் கதையைச் சொல்வார். மகளின் காதுகுத்துக்கு வைத்திருந்த பணத்தை எடுத்தது, லாரியை நிறுத்திவிட்டு மட்டையாகிக் கிடந்து லோடு கெட்டது, ஒன்பது மாதம் நிறுத்திவிட்டு ஒரு துக்க வீட்டில் சறுக்கியது. இடையில் யாரும் குறுக்கிடமாட்டார்கள், யோசனை சொல்லமாட்டார்கள், தலையாட்டிக் கேட்பார்கள். அடுத்தவர் தன் கதையைச் சொல்வார். புதியவர் பேச விரும்பாவிட்டால் "இன்னைக்குக் கேட்டுக்கறேங்க" என்றால் போதும். வாழ்நாள் முழுக்கக் குடிக்கமாட்டேன் என்று சத்தியம் வாங்குவதும் கிடையாது. இன்று ஒரு நாள் மட்டும் என்பார்கள். நாளைக்கு நாளை பார்த்துக்கொள்ளலாம்.

சறுக்கி விழுந்தவரை அங்கே எப்படி நடத்துகிறார்கள் என்பதைக் கவனித்துப் பாருங்கள். ஆலன் மார்லட் என்ற உளவியலாளர் காட்டிய ஒன்று உண்டு: விட்டவன் ஒரு குவார்ட்டர் குடித்துவிட்டால் அந்தக் குவார்ட்டர் செய்யும் கேட்டை விட, "எல்லாம் போச்சு, நான் உருப்படாதவன்" என்ற நினைப்பு செய்யும் கேடு பெரிது. அந்த நினைப்புதான் ஒரு சறுக்கலைப் பல மாதக் குடியாக மாற்றுகிறது. வீட்டில் அன்று கிடைப்பது ஏச்சு. அது இயல்பு, அவர்கள் பட்ட பாடு அப்படி. கூட்டத்தில் கிடைப்பது, "வாங்கண்ணா, திரும்பி வந்தீங்களே அது போதும்" என்ற வார்த்தை.

கடவுள் பெயர் வருகிறதே, பெரியார் வழியில் வளர்ந்தவர்கள் என்ன செய்வது என்ற கேள்வியும் எழும். ஏஏவின் பன்னிரண்டு படிகளில் கடவுள் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. அவரவர் புரிதலுக்கு ஏற்ற கடவுள் என்று அதிலேயே விட்டிருக்கிறார்கள். தன்னை விடப் பெரிய சக்தி அந்தக் கூட்டமே என்று எடுத்துக்கொண்ட நாத்திகர்கள் உலகமெங்கும் ஏஏவில் உண்டு. அதுவும் ஒவ்வாது என்றால் கடவுள் பேச்சில்லாத குழுக்களும் இருக்கின்றன. 1994இலிருந்து இயங்கும் ஸ்மார்ட் ரெகவரி அதில் ஒன்று, இணையத்தில் சேரலாம்.

குடும்பத்துக்கும் தனியாக ஒரு கூட்டம் உண்டு. பில் வில்சனின் மனைவி லோயிஸ் 1951இல் தொடங்கிய அல்-அனான். கணவன் விட்டாலும் விடாவிட்டாலும் மனைவி போகலாம். தினமும் பாட்டிலைத் தேடி ஊற்றுவது, கடனை அடைத்து மூடி மறைப்பது, முதலாளியிடம் காய்ச்சல் என்று பொய் சொல்வது இவற்றிலேயே தன் ஆயுளைக் கரைத்துக்கொள்ளும் பெண்களுக்கு அங்கே பேச ஆள் கிடைக்கும். இந்தப் பெண்களைக் குறிவைத்துத்தான் "சாப்பாட்டில் தெரியாமல் கலந்து கொடுங்கள்" என்று விளம்பரங்கள் வருகின்றன. வாங்காதீர்கள். டைசல்ஃபிரம் என்ற மருந்து, மது உடலில் உடையும்போது வரும் அசிட்டால்டிஹைடு என்ற நஞ்சைத் தேங்க வைக்கும். விவரம் தெரிந்து மருத்துவர் கண்காணிப்பில் சாப்பிடுகிறவருக்கு அது உதவும். தெரியாமல் சாப்பிட்டவர் அதன்மேல் குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

தமிழ்நாட்டில் குடும்பத்தையும் சேர்த்துக்கொள்ளும் பாதையைப் போட்டவரும் ஒரு மனைவிதான். சாந்தி ரங்கநாதனின் கணவர் டி.டி. ரங்கநாதன் குடிநோயால் 1979இல் இறந்தார். மறு வருஷமே சென்னையில் அவர் பெயரால் சாந்தி தொடங்கிய அமைப்புதான் டிடிகே மருத்துவமனையை நடத்துகிறது. குடி ஒரு நோய், குடும்பத்துக்கும் சேர்த்தே சிகிச்சை வேண்டும் என்ற பேச்சைத் தமிழில் பரப்பியதில் அந்த மருத்துவமனைக்குப் பெரும் பங்கு உண்டு. 1989இல் அவர்கள் இன்னொன்று செய்தார்கள். கிராமத்து ஆட்களைச் சென்னைக்கு வரச் சொல்லாமல், இன்றைய திருவாரூர் மாவட்டத்து மஞ்சக்குடிக்குத் தாங்களே போய், 15 நாள் முகாம் நடத்தினார்கள். உள்ளூர்க்காரர்கள் இடமும் சாப்பாடும் கொடுத்தார்கள், மனைவிமார்களும் வந்து உட்கார்ந்தார்கள். முகாம் முடிந்த பிறகும் திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்தார்கள். சிகிச்சைக்கு ஆளை ஊரிலிருந்து பிரித்து எடுக்காமல் ஊரையே சிகிச்சைக்குள் கொண்டுவந்தது அந்த முயற்சி. கோவாவில் விக்ரம் படேல், அபிஜித் நட்கர்னி குழுவினர் 2017இல் வெளியிட்ட ஆய்வும் இதற்குத் துணை நிற்கிறது. அளவுமீறிக் குடித்த 377 ஆண்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, மருத்துவப் படிப்பில்லாத உள்ளூர் ஆட்களைப் பயிற்றுவித்து ஒரு பாதியினரிடம் மட்டும் சில தடவை உட்கார்ந்து பேச வைத்தார்கள். மூன்று மாதத்தில் அபாயக் குடியிலிருந்து மீண்டவர்கள் அந்தப் பாதியில் 36 சதவீதம். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 26 சதவீதம்.

கொண்டப்பநாயக்கன்பட்டி போன்ற ஊரிலிருக்கும் ஒருவர் என்ன செய்யலாம்? தினமும் குடிக்கிறவர் என்றால் முதலில் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். நகரப் பேருந்தில் போய்வரும் தூரம்தான். 2025இல் தமிழக அரசு மருத்துவமனைகளில் 'கலங்கரை' என்ற பெயரில் 25 மீட்பு மையங்களும் தொடங்கியிருக்கின்றன. தனியார் மையம் என்றால் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின்படி பதிவு பெற்றதா என்று கேட்டு, சான்றிதழைக் கண்ணால் பாருங்கள். ஆளை வண்டியில் தூக்கிப் போட்டுக்கொண்டு போய்க் கட்டி வைத்து அடிக்கும் இடம் மருத்துவமனை ஆகாது. வீடு திரும்பு முன் மருத்துவரிடமோ சமூகப் பணியாளரிடமோ, "பக்கத்துல ஏஏ கூட்டம் எங்க நடக்குதுங்க?" என்று கேளுங்கள். பெருநகரங்களில் தமிழிலேயே கூட்டங்கள் நடக்கின்றன; கொரோனாவுக்குப் பிறகு போனிலேயே சேரக்கூடிய கூட்டங்களும் பெருகியிருக்கின்றன. முதல் கூட்டம் பிடிக்காவிட்டால் வேறொன்றுக்குப் போங்கள். ஆளுக்கு ஆள் கூட்டம் மாறும். ஐந்தாறு தடவையாவது போய்விட்டு முடிவு செய்யுங்கள்.

எந்தக் கூட்டமும் எட்டும் தூரத்தில் இல்லை என்றால் ஒன்று தொடங்கலாம். ஆக்ரனில் தொடங்கியபோது இருந்தது இரண்டே பேர். வாரம் தவறாமல் கூடுவது நம் ஊருக்குப் புதிதும் அல்ல. பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியின் உதவியோடு தமிழ்நாட்டில் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் 1989இல் முளைத்தது பக்கத்துத் தருமபுரியில்தான். அடுத்த ஓரிரு ஆண்டில் சேலத்துக்கும் வந்துவிட்டன. பாய் விரித்து வட்டமாக உட்கார்ந்து, நோட்டில் எழுதி, ஒருவருக்கொருவர் ஜாமீன் நின்று, பெண்கள் முப்பத்தைந்து வருஷமாக நடத்திக் காட்டியிருக்கிறார்கள். அதே தெருவில் ஆண்களால் சனிக்கிழமை சாயங்காலம் ஒரு மணி நேரம் கூட முடியாதா? பள்ளித் தலைமையாசிரியரிடமோ, கோயில் நிர்வாகத்திடமோ, பங்குத் தந்தையிடமோ ஓர் அறை கேளுங்கள். குருசாமிகளிடமும் ஒரு வேண்டுகோள்: உங்களிடம் மாலை போட வரும் பையன்களில் யார் யார் குடியோடு போராடுகிறவர்கள் என்று உங்களுக்குத் தெரியும். மாலையைக் கழற்றும் அன்றே, அடுத்த வாரம் எந்தக் கிழமை கூடலாம் என்று அவர்களிடம் ஒரு தேதி சொல்லி அனுப்புங்கள்.

போதைப் பழக்கத்துக்கான தேசிய இலவச உதவி எண் 14446. இரவு பகல் எந்நேரமும் தமிழில் மனநல ஆலோசனை தரும் டெலி மனஸ் எண் 14416. குடிக்கிறவர்தான் பேச வேண்டும் என்பதில்லை. மனைவி, அம்மா, தம்பி யாரும் பேசலாம்.